ஆர். கே. லட்சுமண்

ராசிபுரம் கிருஷ்ணசாமி லட்சுமண் (அக்டோபர் 24, 1921 - ஜனவரி 26, 2015) இந்தியாவின் புகழ்பெற்ற கேலிச்சித்திர ஓவியர். எழுத்தாளர் ஆர். கே. நாராயணின் தம்பி ஆவார்.

இளமையும் தாக்கங்களும்

லட்சுமண் மைசூரில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தார். படிக்கத் தெரியும் முன்பே ஸ்டிராண்ட், பஞ்ச் முதலிய ஆங்கில இதழ்களின் படங்களில் ஆழ்ந்தார். வீட்டின் தரையிலும் சுவர்களிலும் வரைந்து பழகினார். பள்ளியில் வரைந்த அரச இலையை ஆசிரியர் பாராட்டியது அவருக்கு ஊக்கமளித்தது. தி இந்து நாளிதழில் வெளிவந்த டேவிட் லோவின் கேலிச்சித்திரங்கள் அவரை மிகவும் கவர்ந்தன. லோவின் கையொப்பத்தை அவர் நெடுங்காலம் "கௌ" எனப் பிழையாகவே படித்து வந்தார். சிறுவயது முதல் உற்றுநோக்கிய காகங்களையும் பிற்காலத்தில் விரும்பி வரைந்தார்.

போதிய திறமை இல்லை எனக் கூறி மும்பை ஜே. ஜே. கலைப்பள்ளி அவரைச் சேர்க்க மறுத்தது. எனவே மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெற்றார். அக்காலத்திலேயே தி இந்துவில் அண்ணனின் கதைகளுக்குப் படம் வரைந்தார்.

பணி

மும்பையின் ஃபிரீ பிரஸ் ஜர்னலில் பணியாற்றிய பின்னர், டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் ஐம்பதாண்டுகளுக்கும் மேல் வரைந்தார். 1951 இல் அங்கு தொடங்கிய தொடரில், கட்டம் போட்ட மேலங்கியும் வேட்டியும் அணிந்து, எதுவும் பேசாமல் நாட்டு நடப்பைக் கவனிக்கும் சாதாரண மனிதன் இவரது புகழ்பெற்ற பாத்திரமாகும்.

விருதுகள்

* ரமோன் மக்சேசே விருது, 1984
* பத்ம விபூசண், 2005