காய்ச்சலைத் துணைக்கழைத்த மருத்துவர்

நோய் தீர்க்க வேண்டிய மருத்துவர் வேண்டுமென்றே நோயாளியின் உடலில் மற்றொரு நோயைப் புகுத்தினார் என்றால், ஊரார் அவரைக் கொலைகாரர் என்றே சொல்வர். வில்லியம் கோலி அதைத்தான் செய்தார். அவர் வாழ்வை நம் இதழுக்கென நான் எடுத்துக்கொண்டது, அவர் வென்றவர் என்பதால் அன்று. பாதி உண்மையைக் கண்டு, மீதியை மெய்ப்பிக்க இயலாமல் மறைந்தவர் என்பதால்தான்.

1862-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தார். யேலிலும் ஹார்வர்டிலும் பயின்று, நியூயார்க்கில் அறுவை மருத்துவரானார். 1890-இல் பதினேழு வயதுப் பெண்ணொருத்தி கைவலியென்று அவரிடம் வந்தாள். செல்வர் ராக்ஃபெல்லரின் மகனுக்கு அவள் நெருங்கிய தோழி. கையில் பட்ட அடியால் வந்த வலி என்று எண்ணியது, எலும்பில் தோன்றிய சார்க்கோமா என்னும் புற்றாக முடிந்தது. கையை வெட்டியெடுத்தும் பயனில்லை. 1891 ஜனவரியில் அவள் இறந்தாள்.

அந்தச் சாவு கோலியை உலுக்கிவிட்டது. மருத்துவமனையின் பழைய ஏடுகளைப் புரட்டினார். அவற்றில் ஒரு ஜெர்மானியத் தொழிலாளியின் குறிப்பு கிடைத்தது. கழுத்துப் புற்றைப் பலமுறை அறுத்தும் அது மீண்டும் வளர்ந்தது. பிறகு எரிசிபெலஸ் என்னும் தொற்று கண்டு, காய்ச்சல் அடித்து, கட்டி கரைந்தே போயிற்று! (நம் ஊரில் அக்கி என்கிறோமே, அதுவன்று இது, தோல் நெருப்புப் பட்டாற்போல் சிவந்து வீங்கும் நோய்.) ஏட்டை மூடிவைக்காமல், ஏழைகள் நெருங்கி வாழ்ந்த குடியிருப்புகளில் படியேறி இறங்கி அம்மனிதரைத் தேடிப்பிடித்தார் கோலி. அவர் நலமாகவே இருந்தார். கோலியின் வாழ்விலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

1891-இலேயே, கைவிடப்பட்ட இத்தாலிய நோயாளி ஒருவருக்கு உயிருள்ள கிருமிகளைச் செலுத்தினார். பல மாத முயற்சிக்குப் பின் கடுங்காய்ச்சல் வந்தது; கழுத்துக் கட்டி சிதைந்தது; அவர் மேலும் எட்டாண்டளவு வாழ்ந்தார். ஆனால் அடுத்து வந்தவர்களுள் இருவர் அத்தொற்றினாலேயே இறந்தனர். இதை மறைத்து அவரைப் புகழ எனக்கு மனமில்லை. அதன்பின் கோலி, கொல்லப்பட்ட இருவகைக் கிருமிகளைக் கலந்து மருந்தாக்கினார். 1893-இல் அதை ஏற்ற இளைஞன் ஒருவன், வயிற்றில் பெரிய கட்டியோடு வந்தவன், பிழைத்து 1919 வரை வாழ்ந்தான்.

ஆயினும் உலகம் நம்பவில்லை. எக்ஸ் கதிரும் ரேடியமும் வந்த காலம் அது. புகழ்பெற்ற நோய்க்குறியியல் அறிஞர் ஜேம்ஸ் யூயிங் கதிர் மருத்துவத்தின் பக்கம் நின்று கோலியின் மருந்தை எதிர்த்தார். யூயிங்கை வில்லனாக்குவது எளிது, நியாயமன்று. மருந்தின் தயாரிப்பு இடத்துக்கிடம் மாறியது, அளவு மாறியது, நோயாளிகளைப் பின்தொடர்ந்து எழுதிய குறிப்புகளும் ஒழுங்காக இல்லை. சிலர் பிழைத்தனர், பலர் பிழைக்கவில்லை. ஏன் என்று கோலியால் விளக்க முடியவில்லை. 1936-இல் அவர் காலமானார்.

மருத்துவம் படிக்காத அவர் மகள் ஹெலன், தந்தையின் வரலாற்றை எழுதத் தொடங்கி, அவர் விட்டுச்சென்ற தாள்களில் மூழ்கினார். நூற்றுக்கணக்கான நோயாளிகளின் விவரங்களை ஆண்டுக்கணக்கில் தொகுத்தார். 1953-இல், அதே ராக்ஃபெல்லர் குடும்பத்து நெல்சன் தந்த 2000 டாலரைக் கொண்டு, புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமொன்றைத் தொடங்கினார். அதன் அறிவியல் தலைவராகப் பின்னாளில் விளங்கிய லாயிட் ஓல்ட், காசநோய்த் தடுப்புக்கான பி.சி.ஜி. எலிகளின் புற்றைத் தடுப்பதை 1959-இல் காட்டினார். இன்று அது சிறுநீர்ப்பைப் புற்றுக்கு மருந்து.

கோலி கேட்ட கேள்விக்கு ஒரு பகுதி விடை அணுவினும் நுண்ணிய இடத்தில் இருந்தது. உயிரணு பிளவுறுமுன் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கிறது, நேரும் பிழைகளைச் சில புரதங்கள் திருத்துகின்றன. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவோர் போல என்று வைத்துக்கொள்வோம். திருத்துவோர் இல்லாத புற்றில் பிழைகள் மலியும். அதனால் அதன் புரதங்கள் அயலாகத் தோன்றும். உடலின் காவல் அணுக்கள் அதை எளிதில் இனங்காணும். ஆனால் புற்று அந்தக் காவலர்மேல் ஒரு தடையைப் போட்டுவைக்கிறது. அத்தடையை நீக்கும் வழிகளைக் கண்ட ஜேம்ஸ் ஆலிசனும் தசுகு ஹோன்ஜோவும் 2018-இல் நோபல் பரிசு பெற்றனர். 2017-இல் அமெரிக்க அரசு அத்தகைய மருந்தொன்றை, கட்டி எந்த உறுப்பில் இருந்தாலும், இந்தத் திருத்தக் குறை இருந்தால் வழங்கலாம் என்று அனுமதித்தது.

அவ்வகை மருந்துகளில் முதலாவது 2011-இல் அனுமதி பெற்றது. ஹெலன் 2001-இலேயே இறந்துவிட்டார்.