மணற்கடல் கடந்த பாக்னால்டு

மாந்தர் புகழ் எய்தும் வழிகள் பல. நாடுகளை வென்று புகழ் பெற்றோர் உளர். நூல்களை இயற்றிப் புகழ் பெற்றோரும் உளர். உயிர்கள் வாழாத வெறுநிலத்திற் புகுந்து, ஆங்கு வீசும் காற்றையும் பெயரும் மணலையும் அளந்தறிந்து புகழ் பெற்றவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவராகிய ரால்ப் ஆல்ஜர் பாக்னால்டு என்பாரின் வரலாற்றைச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

இவர் இங்கிலாந்து நாட்டு டெவன்போர்ட்டு நகரில் 1896-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 3-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் இராணுவப் பொறியாளர். தமக்கையார் ஈனிட் பாக்னால்டு பிற்காலத்தில் நாவலாசிரியராகப் பெயர் பெற்ற அம்மையார். பாக்னால்டு 1915-ஆம் ஆண்டில் பொறியாளர் படையிற் சேர்ந்து, முதல் உலகப் போரில் பிரான்சுப் போர்முனையிற் பணிபுரிந்தார். போர் ஓய்ந்தபின் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்திற் பொறியியல் பயின்று, மீண்டும் படைக்கே திரும்பினார். அப்பணி அவரை எகிப்து நாட்டிற்குக் கொணர்ந்தது. சில காலம் நம் இந்தியாவின் வடமேற்கு எல்லைப்புறத்திற்கும் அனுப்பிற்று.

நைல் நதிக்கு மேற்கே பரந்து கிடப்பது லிபியப் பாலைவனம். அதன் ஒரு பகுதி மணற்கடல் என்றே பெயர் பெற்றது. நூறு மீட்டருக்கு மேற்பட்ட உயரமுடைய மணற்குன்றுகள் ஆங்கு அலை அலையாய் நிற்கும். வடக்கே கத்தாராப் பள்ளம் என்னும் பெருந்தாழ்நிலம் உள்ளது. அதன் அடித்தலம் கடல் மட்டத்திற்கு 133 மீட்டர் தாழ்ந்தது. அப்பள்ளத்தில் உவர்வெளிகள் பல. சப்கா என அராபியர் அழைக்கும் அவ்வெளிகள் பார்வைக்கு வெண்தளம் இட்ட முற்றம் போலத் தோன்றும். ஆயின் மேலே உள்ளது உப்புப் பொருக்கே. அதன் கீழே இருப்பது சேறு. பொருக்குத் தடித்த இடத்தில் வண்டி விரைந்தோடும். மெலிந்த இடத்தில் அச்சு வரை அமிழ்ந்துவிடும். கண் ஒன்று கூற நிலம் வேறொன்று கூறும் இடம் அது.

ஒட்டகத்தின் மீதேறிச் செல்வோர் பண்டு தொட்டே இப்பாலையின் வழிகளை அறிந்திருந்தனர். எகிப்தியராகிய ஹஸ்ஸனைன் என்பவர் 1923-ஆம் ஆண்டில் ஒட்டகங்களோடு அதனைக் கடந்து உவைனாத் மலையை அடைந்தனர். ஆயின் மோட்டார் வண்டிக்கு அம்மணற்கடல் அடைத்த கதவே என்று பலரும் எண்ணினர். பாக்னால்டும் நண்பர் சிலரும் தம் விடுமுறை நாட்களில், தம் கைப்பொருளைக் கொண்டு, சிறு ஃபோர்டு வண்டிகளில் அக்கதவைத் தட்டலாயினர்.

அவர்கள் கண்ட உபாயங்கள் எளியன. டயர்களிற் காற்றைக் குறைத்தனர். சக்கரம் அகன்று மணலின்மேல் மிதந்தது. வண்டி புதைந்தவிடத்து, பழைய போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்குக் கூரையாக அமைத்த எஃகுத் தகடுகளைச் சக்கரத்தின் முன் இட்டு மீட்டனர். தண்ணீரோ உயிரினும் அரிது. கொதிக்கும் ரேடியேட்டரின் நீராவி வீணாகாவண்ணம், அதனை ஒரு குழாய் வழியே, பாதி நீர் நிறைந்த தகரக்கலத்திற் செலுத்தினர். ஆவி குளிர்ந்து நீராயிற்று; இயந்திரம் ஆறியபோது அந்நீர் மீண்டும் ரேடியேட்டருக்கே உறிஞ்சப்பட்டது. வண்டியின் இரும்பு காந்த ஊசியைப் பிறழச் செய்தமையால், நிழலைக் கொண்டு திசை காட்டும் சூரியத் திசைகாட்டியைப் பாக்னால்டு செப்பமுற அமைத்தார். இரவில் விண்மீன்களை அளந்து தாம் நிற்கும் இடத்தைக் கணித்தனர்.

1929-ஆம் ஆண்டில் செங்குத்தாய் நின்ற மணற்குன்றை நோக்கி அவர் வண்டியை முழு வேகத்துடன் செலுத்தினார். மோதி நொறுங்கும் என்று அஞ்சிய வண்டி வழுவழுவென்று மேலேறிற்று. அன்றே மணற்கடலின் கதவு திறந்தது. 1930-ஆம் ஆண்டில் செர்சூரா என்னும் கதைவழிப் பாலைச்சோலையைத் தேடிச் சென்றனர், அது கிடைத்திலது. 1932-ஆம் ஆண்டில் உவைனாத்தையும் கடந்து சூடான் நாடு வரை சென்று மீண்டனர். அரச பூகோளச் சங்கத்தார் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கினர்.

வேறொருவராயின் இப்புகழோடு அமைந்திருப்பர். பாக்னால்டை வினா ஒன்று விடவில்லை. உயிரற்ற மணல் ஒழுங்கான வடிவுடைய குன்றுகளாய்த் திரள்வது எங்ஙனம்? 1935-ஆம் ஆண்டிற் படைத்தொழிலை விட்ட அவர், இலண்டனில் காற்றுக்குகை ஒன்றைத் தாமே அமைத்து மணலை அதிற் பறக்கவிட்டு ஆராய்ந்தார். மணற்பருக்கைகள் பெரும்பாலும் துள்ளித் துள்ளிச் செல்கின்றன என்பதும், வீழ்ந்த பருக்கை பிறவற்றை எழுப்புகின்றது என்பதும் அவர் கண்ட முடிபுகள். 1938-ஆம் ஆண்டில் மீண்டும் பாலைக்குச் சென்று தம் முடிபுகளைச் சோதித்தார். 1941-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூல் இன்றும் இத்துறைக்கு அடிப்படையாகும்.

இடையே இரண்டாம் உலகப் போர் மூண்டது. மீண்டும் படைக்கு அழைக்கப்பட்ட அவர் சென்ற கப்பல் மத்தியதரைக் கடலில் மற்றொன்றோடு மோதிச் சிதைந்தமையால், எதிர்பாராது எகிப்தில் இறங்கினார். 1940-ஆம் ஆண்டில் தளபதி வேவல் இசைவளிக்க, ஆறே வாரங்களில் நெடுந்தூரப் பாலைப் படைக்குழுவை அமைத்தார். முதலில் அதிற் சேர்ந்தோர் பெரும்பாலும் நியூசிலாந்து வீரர். விடுமுறை விளையாட்டாகத் தோன்றிய கலையே இப்போது படைத்துணையாயிற்று. வண்டிகள் செல்லலாகாது எனப் படைத்தலைவர் பலர் கருதிய கத்தாராப் பள்ளத்தின் ஊடேயும் 1942-ஆம் ஆண்டில் அக்குழுவினர் சென்றனர்.

அக்கலைக்கு விலையும் உண்டு. 1941-ஆம் ஆண்டில் பகைவர் தாக்குதலில் வண்டிகளை இழந்த வீரர் நால்வர், ஒரே தகர நீருடன் பத்து நாள் பாலையில் நடந்தனர். அவருள் ஒருவர் மீட்கப்பட்ட பின்னரும் உயிர் துறந்தார். அறிவு போருக்குத் துணையாகும்போது அதன் புகழிற் குருதியும் கலக்கின்றது என்பதை நாம் மறத்தலாகாது.

பாக்னால்டு 1944-ஆம் ஆண்டில் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப் பெற்றார். போர்க்கோலத்தைக் களைந்து மணலுக்கும் ஆற்றுவண்டலுக்குமே மீண்டு, முதுமையிலும் ஆராய்ச்சியை விடாது, 1990-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் நாள் மறைந்தார். செவ்வாய்க் கோளில் 2015-ஆம் ஆண்டு முதல் அமெரிக்க ஆய்வு வண்டி ஆராய்ந்த மணற்குன்றுகள் அவர் பெயரால் வழங்குகின்றன. மனிதன் கால் படாத அந்நிலத்தும் அவருடைய பெயர் சென்றது.

மாணவ நண்பர்களே! இவர் பெரும்பொருள் படைத்தவரல்லர். அரசாங்கத்தின் ஏவலால் பாலையுட் புகுந்தவருமல்லர். விடுமுறையைப் பயனுறச் செலவிட்டார், ஒரு துளி நீரையும் வீணாக்காதிருக்கக் கற்றார், கண்டதை அளந்தார், அளந்ததை மீண்டும் சோதித்தார். வெண்தளம் போல் தோன்றும் உவர்வெளியிற் கண்ணை மட்டும் நம்பிச் சென்றவர் அமிழ்வர். நிலத்தைச் சோதித்து அடி வைப்பவரே அக்கரை சேர்வர். கல்விக்கும் இதுவே நெறி என்பது எம் துணிபு.