புகைக்கரியால் வந்த புற்றுநோய்... 250 ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்த லண்டன் டாக்டர்! யார் இந்த பெர்சிவல் பாட்?

செய்யும் வேலையே ஒருவருக்குப் புற்றுநோயைக் கொண்டுவருமா? கொண்டுவரும் என்று முதன்முதலில் தெளிவாக எழுதிவைத்தவர், லண்டன் அறுவை சிகிச்சை நிபுணர் பெர்சிவல் பாட். எழுதிய ஆண்டு 1775. அப்போது எக்ஸ்ரே கிடையாது, மயக்க மருந்துகூட கிடையாது. அப்புறம் எப்படிக் கண்டுபிடித்தார்?

யார் இவர்?

1714-ல் லண்டனில் பிறந்தார் பாட். சிறுவயதிலேயே தந்தையை இழந்தவர். 15 வயதில் எட்வர்ட் நூர்ஸ் என்ற அறுவை சிகிச்சை நிபுணரிடம் தொழில் கற்கச் சேர்ந்தார். 1749-ல் லண்டனின் பழம்பெரும் செயின்ட் பார்தலோமியூ மருத்துவமனையில் தலைமை நிபுணர்களில் ஒருவரானார். அங்கேயே 1787 வரை பணியாற்றினார்.

உடைந்த கால் கொடுத்த திருப்பம்

1756-ல் குதிரையிலிருந்து விழுந்த பாட்டுக்குக் கால் முறிந்து, எலும்பு வெளியே வந்துவிட்டது. கண்டபடி தூக்கினால் நிலைமை மோசமாகும் என்பது அவருக்குத் தெரியும். எனவே தரையில் படுத்தபடியே ஒரு கதவை விலைக்கு வாங்கச் சொல்லி, அதைக் கம்புகளில் ஆணியடித்து ஸ்ட்ரெச்சர் போல ஆக்கி, அதில் வீடு போய்ச் சேர்ந்தார். காலை வெட்டி எடுக்க எல்லாம் தயார். கடைசி நேரத்தில் வந்த குரு நூர்ஸ், காலைக் காப்பாற்றலாம் என்றார். கால் பிழைத்தது. படுக்கையில் கிடந்த அந்த நாட்களில்தான் பாட் எழுத ஆரம்பித்தார். பிறகு எழுதிக்கொண்டே இருந்தார்.

சிம்னிக்குள் ஏறிய சிறுவர்கள்

லண்டன் வீடுகளில் குளிருக்கு நிலக்கரி எரிப்பார்கள். புகை வெளியேறும் சிம்னிக்குள் கரி படியும். சுரண்டி எடுக்காவிட்டால் தீப்பிடிக்கும். பல சிம்னிகள் 9 அங்குல அகலம்தான். பெரியவர்கள் நுழைய முடியாது. அதனால் ஏழை, ஆதரவற்ற சிறுவர்களை உள்ளே ஏற்றினார்கள். சிலருக்கு 5, 6 வயதுதான். துணி சிக்கிக்கொள்ளும் என்பதால் பலர் உடுப்பில்லாமலே ஏறினார்கள். குளிப்பது எப்போதாவதுதான்.

இந்தச் சிறுவர்கள் வளர்ந்து ஆளான பிறகு விதைப்பையில் ஆறாத புண் வரும். தொழிலாளர்கள் அதைக் கரி மரு என்றார்கள். மருத்துவர்களோ பால்வினை நோய் என்று முடிவுகட்டி, பாதரசம் கொடுத்தார்கள். புண் ஆறவில்லை. உயிர் போனதோடு, பழியும் சேர்ந்தது.

பாட் கவனித்தது என்ன?

ஒரே தொழில், ஒரே இடத்தில் புண். இது தற்செயலாக இருக்க முடியாது என்று நினைத்தார் பாட். தோலின் மடிப்புகளில் தங்கிவிடும் புகைக்கரிதான் காரணம் என்று 1775-ல் வெளியான தன் நூலில் எழுதினார். அந்தப் பகுதி சில பக்கங்கள்தான். ஆனால் அதில் சிறுவர்கள் படும் அடி, பட்டினி, தீக்காயம் பற்றியும் சொன்னார். புண் சிறிதாக இருக்கும்போதே வெட்டி எடுத்தால் மட்டுமே பிழைக்க வாய்ப்பு என்றும் எச்சரித்தார்.

சட்டம் வந்ததா?

வந்தது, ஆனால் வேலை செய்யவில்லை. 8 வயதுக்குக் குறைந்தவர்களை இந்தத் தொழிலில் சேர்க்கக் கூடாது என்று 1788-ல் பிரிட்டன் சட்டம் போட்டது. அதைக் கண்காணிக்க ஆள் இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் பாட் காலமானார். 1840-ல் இன்னொரு சட்டம் வந்தது. அதையும் யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1875-ல் ஒரு சிறுவன் சிம்னி வேலையில் உயிரிழந்த பிறகுதான், போலீசிடம் பதிவு செய்து உரிமம் வாங்க வேண்டும் என்ற சட்டம் வந்து இந்தக் கொடுமை முடிந்தது. காரணம் தெரிந்தும், சரியாக 100 ஆண்டுகள் ஆகிவிட்டன!

இத்தனைக்கும் தடுப்பது ஒன்றும் கஷ்டமில்லை. ஐரோப்பாவின் பிற நாடுகளில் இதே தொழிலாளர்களுக்கு இந்த நோய் ஏன் அதிகம் வரவில்லை என்று 1892-ல் ஆராய்ந்தார் ஹென்றி பட்லின். அவரும் பாட் பணியாற்றிய அதே மருத்துவமனைக்காரர்தான். அவர் கண்ட விடை: உடலை மூடும் உடுப்பு, வேலை முடிந்ததும் குளியல். அவ்வளவுதான்.

பாட் சொன்னது நிரூபணமானது எப்போது?

1915-ல் ஜப்பானின் யமகிவா, இச்சிகாவா இருவரும் முயல்களின் காதில் பல மாதங்கள் தார் தடவி, புற்றுநோய் உருவாவதைக் காட்டினார்கள். 1930-களில் லண்டன் விஞ்ஞானிகள் தாரிலிருந்து பென்சோபைரீன் என்ற ரசாயனத்தைப் பிரித்தெடுத்தார்கள். புகைக்கரியிலும் அது இருக்கிறது. சிகரெட் புகையிலும் இருக்கிறது. சிம்னி தொழிலாளர்கள் எதிர்கொள்ளும் புகைக்கரியை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருட்களின் பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது.

சிறுவயதில் உடலில் படிந்த கரி, பல ஆண்டுகள் கழித்துப் புண்ணாக வந்தது. அதனால் அடுத்த முறை டாக்டர், என்ன வேலை பார்க்கிறீங்க என்று கேட்டால், சும்மா பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைக்காதீர்கள். இப்போதைய வேலையை மட்டுமல்ல, 20 வருஷத்துக்கு முன்னாடி பார்த்த வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.