விரலுக்கு ஒளி தந்த வித்தகர்

பிரான்சு நாட்டின் தலைநகராகிய பாரிசுக்குக் கிழக்கே, ஏறத்தாழ 20 கல் தொலைவில் கூவ்ரே என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி ஒருவரின் கடைசி மகனாக, 1809ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் பிறந்தவர் லூயி பிரெயில்.

மூன்று வயதில் அவர் தந்தையின் தொழிற்கூடத்தில் தோல் துளைக்கும் குத்தூசியை எடுத்து விளையாடினார். ஊசி கைதவறிக் கண்ணிற் பாய்ந்தது. அப்புண்ணின் நஞ்சு மற்றைக் கண்ணையும் பற்றியது. ஐந்து வயதளவில் இரு கண்களும் ஒளியிழந்தன. பெற்றோர் மனந்தளராது அவரை ஊர்ப் பள்ளிக்கு அனுப்பினர். ஆசிரியர் கூறுவதைச் செவியால் கேட்டே சிறுவர் கற்றுவந்தார்.

1819ஆம் ஆண்டில் பாரிசு நகரிலிருந்த பார்வையற்றோர் பள்ளியில் அவர் சேர்ந்தார். வாலந்தின் ஆயி என்பவர் தோற்றுவித்த பள்ளி அது. அங்குத் தடித்த தாளில் எழுத்துகளைப் புடைக்கச் செய்த நூல்கள் சில இருந்தன. அவை அளவிற் பெரியன; தூக்கற்கரியன. ஓர் எழுத்தின் வடிவை விரலால் தடவி அறிவதற்குள் முந்தைய எழுத்து மறந்துபோகும். மாணவர் தாமே எழுதுதற்கும் அம்முறை உதவவில்லை. கண்ணுக்காக அமைந்த எழுத்தை விரலுக்கும் அளித்ததே அதன் குறை.

1821ஆம் ஆண்டில், படைத்துறையிற் பணியாற்றிய சார்லசு பார்பியே என்பவரின் எழுத்துமுறை அப்பள்ளிக்கு வந்தது. இருளிலும் தடவிப் படிக்கத்தக்க புள்ளிகளால் ஆகியது அது. ஆயினும், ஓர் எழுத்துக்குப் 12 புள்ளிகள் வரை தேவைப்பட்டன. அவை விரல் நுனிக்குள் அடங்கவில்லை. அது ஒலியை மட்டுமே குறித்தமையால், சொற்களைப் பிழையின்றி எழுதவும் இயலவில்லை. பிரெயில் அக்குறைகளைக் களைய ஓய்வு நேரமெல்லாம் உழைத்தார். 1824இல், தம் பதினைந்தாம் வயதில், ஆறே புள்ளிகளால் அமைந்த முறையைக் கண்டார். அவற்றால் 63 வடிவங்கள் அமைக்கலாம். கண்ணைப் பறித்த குத்தூசியைப் போன்ற கூர்ங்கருவியே அப்புள்ளிகளை இடும் எழுதுகோலாயிற்று! இசைக்கும் பொருந்திய அம்முறையை விளக்கி, 1829இல் நூலொன்றும் வெளியிட்டார்.

பின்னர் அப்பள்ளியிலேயே அவர் ஆசிரியரானார். ஆயினும், பார்வையுடையார் படிக்கவியலாத எழுத்து பார்வையற்றோரைத் தனிமைப்படுத்தும் என்று கருதியோர் பலர். 1840ஆம் ஆண்டையொட்டி அப்பள்ளியிலேயே அம்முறை விலக்கப்பட்டது. மாணவரோ அதனைக் கைவிடவில்லை. மறைவாக எழுதினர், படித்தனர். 1844இல் புதிய கட்டடத் திறப்பு விழாவில் அதன் சிறப்பு அனைவர்க்கும் காட்டப்பட்டது. என்புருக்கி நோயால் நெடுநாள் வருந்திய பிரெயில், 1852ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் மறைந்தார். ஈராண்டுகள் கழித்து, 1854இல் பிரான்சு நாடு அம்முறையை ஏற்றது. 1952இல் அவருடைய உடல், நாட்டின் பெரியோர் துயிலும் பாந்தியோன் மண்டபத்திற்கு எடுத்துச் செல்லப்பட்டது.

ஆறு புள்ளிகள் இன்று தமிழுக்கும் எழுத்தாகியுள்ளன. கணினியிலுள்ள நூலை மென்பொருள் உரக்கப் படிக்கின்றது. சிறு ஊசிகள் எழுந்தும் தாழ்ந்தும் அதனைப் புள்ளியெழுத்தாகவும் விரலுக்குத் தருகின்றன. ஆனால் ஏட்டின் பக்கத்தை வெறும் படமாகப் பதிந்து வைத்தால், எழுத்து இன்னதென அம்மென்பொருள் அறிதல் அரிது. கண்ணை மட்டும் எண்ணி நூல் செய்யும் பழைய குறையே அங்கும் தலைகாட்டுகின்றது. நூல் செய்வோர், படிப்போர் அனைவரையும் நினைந்து செய்தல் வேண்டும். பிரெயிலின் வாழ்வு நமக்கு உணர்த்தும் உண்மை இதுவேயாகும்.