புலி பார்க்கப் போறீங்களா? மயிலாப்பூர் கிருஷ்ணனைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க!

வெள்ளிக்கிழமை ராத்திரி தி.நகர்ல வண்டி ஏறுறீங்க. ஆறு பேர் கொண்ட சின்ன குரூப், கூடவே ஒரு நேச்சுரலிஸ்ட். மறுநாள் கபினியிலோ பந்திப்பூரிலோ ஜீப்ல உட்கார்ந்தாச்சு. இரண்டு சஃபாரி முடிஞ்சும் புலி கண்ணுல படலை. ‘காசு வேஸ்ட்’னு முகம் வாடிப்போகுது இல்லையா? அந்த நேரத்துல நீங்க நினைச்சுப் பார்க்க வேண்டிய ஒருத்தர், உங்க ஊர்க்காரர்தான். பேரு மா.கிருஷ்ணன்.

1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். அப்பா, ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ.மாதவையா. எட்டுப் பிள்ளைகளில் கிருஷ்ணன்தான் கடைக்குட்டி. வளர்ந்ததெல்லாம் மயிலாப்பூர் எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில். நீங்க தினமும் சிக்னலில் நிற்கிற இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலைதான் அது! அப்போ அந்தப் பக்கம் புதர்க்காடாக இருந்தது, நரிகள்கூட உண்டு. காட்டைப் பார்க்க அந்தப் பையன் டிக்கெட் போட வேண்டியிருக்கலை.

13 வயசில் அப்பாவை இழந்தார். பிரசிடென்சி கல்லூரியில் தாவரவியல் படிச்சப்போ, பேராசிரியர் பைசனோடு நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் செடி கொடிகளைத் தேடி அலைஞ்சார். விலங்கைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அது நிற்கிற புல்லையும் மரத்தையும் பார்க்கிற பழக்கம் அவருக்குக் கடைசி வரை இருந்தது. அப்புறம் சட்டமும் படிச்சார். ஆனா, கோர்ட்டில் மனசு ஒட்டலை.

1942-ல் இன்றைய கர்நாடகாவில் இருக்கிற சண்டூர் சமஸ்தானத்தில் வேலை. பள்ளி ஆசிரியர், நீதிபதி, மகாராஜாவின் அரசியல் செயலாளர்னு பல பொறுப்புகள் பார்த்தார். சுற்றிலும் மலையும் காடும். ஆனா, சுதந்திரத்துக்குப் பிறகு சமஸ்தானம் இந்தியாவோடு இணைஞ்சது. வேலை போச்சு. நாற்பதை நெருங்குற வயசு, கையில் குடும்பம். நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? வேறொரு நல்ல சம்பளத்தைத் தேடுவோம், இல்லையா? கிருஷ்ணன் மயிலாப்பூர் வீட்டுக்குத் திரும்பி வந்து, எழுத்தையும் போட்டோவையும் நம்பி வாழ முடிவு செஞ்சார். இன்னிக்கு ‘வைல்டு லைஃப் போட்டோகிராபர்’னு இன்ஸ்டா பயோவில் போட்டுக்க முடியும். 1950-ல் அப்படியொரு தொழில் இருக்குன்னு சொன்னாலே சிரிச்சிருப்பாங்க.

அந்த வருஷம் கொல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மேன்’ நாளிதழில் இயற்கை பற்றி ஒரு பத்தி எழுத ஆரம்பிச்சார். 1996 பிப்ரவரி 18-ல் அவர் இறக்குற வரைக்கும், 46 வருஷம் அது தொடர்ந்தது. புலி, யானை மட்டுமா எழுதினார்? காக்கா, பல்லி, தெருநாய் எல்லாத்துக்கும் அதில் இடம் இருந்தது.

அவரோட கேமரா தனிக்கதை. வேற வேற கம்பெனி பாகங்களைத் தானே சேர்த்துக் கட்டின கனமான கருவி அது. ‘சூப்பர் பாண்டரோசா’ன்னு செல்லப் பேர் வெச்சிருந்தார். கலர் பிலிம் வந்த பிறகும் கறுப்பு-வெள்ளையை விடலை. கால்நடையாகவோ, பழக்கின யானை மேல ஏறியோ காட்டுக்குள்ள போவார். உங்க போன்ல ஒரு நிமிஷத்துல நூறு படம் எடுத்திடலாம். அவருக்கு எண்ணி எடுக்குற அளவுக்குத்தான் பிலிம். அதனால கிளிக் பண்றதைவிடக் காத்திருக்கிற நேரம்தான் அதிகம்.

1968-ல் ஜவாஹர்லால் நேரு ஃபெல்லோஷிப் கிடைச்சுது. தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகள் எப்படி இருக்குன்னு காடு காடா போய்ப் பார்த்து எழுதினார். 1972 கணக்கெடுப்புப்படி, நாட்டில் மிஞ்சியிருந்த புலிகள் 1,827. அடுத்த வருஷம் ஒன்பது காப்பகங்களோடு ‘புலிகள் பாதுகாப்புத் திட்டம்’ தொடங்கினப்போ, அதன் வழிகாட்டுக் குழுவில் கிருஷ்ணனும் இருந்தார். புலியை மட்டும் காப்பாத்தினா போதும்னு அவர் நினைக்கலை. இந்த மண்ணுக்கே உரிய செடி, மரம் எல்லாம் சேர்ந்த முழுக் காடும் இருக்கணும்னு கறாரா வாதாடினார். வெளிநாட்டு மரங்களைக் கொண்டுவந்து நடுறதை எதிர்த்தார்.

2022 கணக்கெடுப்பு சொல்ற சராசரி மதிப்பீடு 3,682 புலிகள். இன்னிக்கு நீங்க ஜீப்ல போய்ப் புலி பார்க்க முடியுதுன்னா, அவரை மாதிரி ஆட்கள் அன்னிக்குக் கத்தினதும் ஒரு காரணம்.

சரி, உங்க சஃபாரிக்கு வருவோம். எங்கேயோ புள்ளிமான் ஒண்ணு கூர்மையா கத்துது. மரத்து மேல லங்கூர் குரங்கு இருமுற மாதிரி எச்சரிக்குது. கொஞ்ச நேரத்துல கடமானும் குரல் கொடுத்தா, பக்கத்துல புலியோ சிறுத்தையோ நடமாடுதுன்னு பெரும்பாலும் நம்பலாம். கைடு வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைக்கச் சொல்வார். அந்த நேரத்துல நீங்க பேசிட்டே இருந்தாலோ, ‘இன்னும் கிட்ட போங்கண்ணே’ன்னு டிரைவரை நச்சரிச்சாலோ என்ன ஆகும்? ரோட்டைக் கடக்க வந்த புலி திரும்பிப் போயிடும். ஒரு புலியைச் சுத்திப் பத்து ஜீப் நின்னா, அதுக்குப் போக வழியே இருக்காது. அதனால புக் பண்றப்போ ‘புலி கட்டாயம் தெரியுமா?’ன்னு கேட்காதீங்க. கூட வர்ற நேச்சுரலிஸ்ட் எவ்வளவு தூரத்துல வண்டியை நிறுத்துவார், மரம், பறவை பத்திச் சொல்வாரான்னு கேளுங்க.

போறதுக்கு முன்னாடி ஒரு ரிகர்சலும் பார்க்கலாம். அடையாறு பக்கம்தான் கிண்டி தேசியப் பூங்கா. புள்ளிமானும் வெளிமானும் அங்கேயே இருக்கு. போனை உள்ளே வெச்சுட்டு, பத்து நிமிஷம் ஒரே மானைப் பாருங்க. காது எந்தப் பக்கம் திரும்புது, எப்போ வால் தூக்குதுன்னு கவனிங்க. கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகளை தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’னு தொகுத்திருக்கார். பஸ்ல படிக்க அதையும் பையில போட்டுக்கோங்க.

மூணாவது சஃபாரியிலும் புலி வரலைன்னா? கடமான் குரலை அடையாளம் கண்டுபிடிச்சீங்களான்னு யோசிங்க. கண்டுபிடிச்சிருந்தா, அந்த ட்ரிப் வேஸ்ட் இல்லை பாஸ்!