மர்லின் மன்றோவுக்கு ஏன் தூக்கம் வரவில்லை? மாத்திரையோடு 10 ஆண்டுகள் நடந்த போராட்டம்

ஹாலிவுட்டின் உச்ச நட்சத்திரம். உலகம் முழுக்க ரசிகர்கள். ஆனா ராத்திரி படுத்தால் தூக்கம் மட்டும் வராது. மர்லின் மன்றோ 36 வயதில் இறந்தது பற்றிப் பேச்சு வந்தாலே கென்னடி, சிஐஏ, மாஃபியா என்று எங்கெங்கோ போய்விடுகிறார்கள். அவர் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்த மாத்திரை பாட்டில்களைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. கடைசிப் பத்து ஆண்டு கதை பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

யார் இந்த நார்மா ஜீன்?

1926 ஜூன் 1-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தபோது அவர் பெயர் நார்மா ஜீன். அம்மா கிளாடிஸ், சினிமா பிலிம் வெட்டும் வேலை பார்த்தவர். மகளுக்கு 7, 8 வயது இருக்கும்போதே அவருக்கு மனச்சிதைவு நோய் வந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அதன் பிறகு நார்மாவுக்கு நிலையான வீடு இல்லை. வளர்ப்புக் குடும்பங்கள், நடுவில் ஆதரவற்றோர் இல்லம். மறுபடி அங்கே போகாமல் இருக்கவே 16 வயதில் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கட்டி வைத்தார்கள். போர்க்காலத்தில் கணவர் கப்பலுக்குப் போக, இவர் தொழிற்சாலை வேலைக்குப் போனார். அங்கே படமெடுக்க வந்த ராணுவப் புகைப்படக்காரர் கண்ணில் பட்டார். 1946-ல் ஃபாக்ஸ் நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. பெயரும் மாறியது.

1953-ல் நயாகரா, ஜென்டில்மென் ப்ரிஃபர் பிளாண்ட்ஸ், ஹவ் டு மேரி எ மில்லியனர் என ஒரே ஆண்டில் மூன்று படம். மூன்றும் ஓடின. வெளியே தெரியாத பக்கம் வேறு. கேமரா முன்னாடி நிற்கவே அவருக்குப் பயம். அந்தப் பயத்தோடு ராத்திரி படுத்தால் தூக்கம் வராது. ஷூட்டிங்குக்கோ விடியற்காலையிலேயே மேக்கப் நாற்காலியில் உட்கார வேண்டும். தூங்க ஒரு மாத்திரை, எழுந்து நிற்க இன்னொரு மாத்திரை என்பது அன்றைய ஹாலிவுட்டில் சர்வ சாதாரணம். 1950-களின் தொடக்கத்திலேயே மன்றோவும் அந்தச் சுழலுக்குள் வந்துவிட்டார்.

பார்பிட்டுரேட் என்ன செய்யும்?

அன்று டாக்டர்கள் கைவசம் இருந்த முக்கியமான தூக்க மருந்து பார்பிட்டுரேட் வகை. 1903-ல் ஜெர்மனியில் வெரோனால் என்ற பெயரில் தொடங்கியது. மன்றோ பழகியது நெம்புடால். மூளையின் வேகத்தை அப்படியே குறைத்துத் தூங்க வைக்கும். முதலில் நன்றாகவே வேலை செய்யும், பிரச்சினையே அதுதான். சில வாரங்களில் உடம்பு பழகிவிடும். அதே தூக்கத்துக்கு அதிக மருந்து தேவைப்படும். ஆனா மூச்சை நிறுத்தும் அளவு அந்த வேகத்தில் உயராது. தூங்க வைக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும். கூட மது சேர்ந்தால் இன்னும் மோசம். சரி, திடீரென்று நிறுத்திவிடலாமே என்றால் முன்னைவிடப் பயங்கரமாகத் தூக்கம் கெடும், வலிப்பே வரலாம்.

பேஸ்பால் வீரர் ஜோ டிமாஜியோவுடன் 1954-ல் நடந்த திருமணம் ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 1956-ல் நாடக ஆசிரியர் ஆர்தர் மில்லரை மணந்தார். கர்ப்பங்கள் கலைந்தன. மாத்திரைப் பழக்கம் தீவிரமானதும் இந்தக் காலத்தில்தான். சம் லைக் இட் ஹாட் படப்பிடிப்பில் மணிக்கணக்கில் தாமதமாக வந்தார். ஒற்றை வரி வசனத்துக்குப் பல டஜன் டேக் போனது. திமிர் பிடித்தவர் என்று யூனிட்டில் முணுமுணுத்தார்கள். படம் வெளிவந்த பிறகு அதே வேடத்துக்கு கோல்டன் குளோப் விருது கிடைத்தது!

1960 கோடையில் நெவாடா பாலைவனத்தில் தி மிஸ்ஃபிட்ஸ் படப்பிடிப்பு. கதை எழுதியவர் மில்லர்தான், ஆனா இருவருக்கும் நடுவில் எல்லாமே முறிந்திருந்தது. மாத்திரை மயக்கத்தில் அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே முகத்துக்கு மேக்கப் போட்ட நாட்கள் உண்டு. ஆகஸ்டில் படப்பிடிப்பை நிறுத்தி லாஸ் ஏஞ்சல்ஸ் மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

1961 பிப்ரவரியில் நடந்தது அதைவிடக் கொடுமை. ஓய்வெடுக்கப் போகிறோம் என்று நினைத்து நியூயார்க்கின் பெய்ன் விட்னி மனநல மருத்துவமனைக்குப் போனவரைப் பூட்டிய அறையில் வைத்துவிட்டார்கள். அம்மாவுக்கு வந்தது நமக்கும் வந்துவிடுமோ என்று வாழ்நாள் முழுக்கப் பயந்தவருக்கு அந்தக் கதவு எப்படி இருந்திருக்கும்? வெளியே கொண்டுவந்தது முன்னாள் கணவர் டிமாஜியோ. பிறகு வேறு மருத்துவமனையில் மூன்று வாரம் சிகிச்சை.

இரண்டு டாக்டர், இரண்டு மருந்து

லாஸ் ஏஞ்சல்ஸ் திரும்பியவரை மனநல மருத்துவர் ரால்ஃப் கிரீன்சன் கவனித்தார். நெம்புடாலை மெல்லக் குறைத்து, 19-ம் நூற்றாண்டிலிருந்தே புழக்கத்தில் இருந்த குளோரல் ஹைட்ரேட் என்ற மருந்துக்கு மாற்றுவது திட்டம். உடல்நலத்தைப் பார்த்தவர் ஹைமன் ஏங்கல்பெர்க் என்ற இன்னொரு டாக்டர். 1962-ல் பிரென்ட்வுட் பகுதியில் சொந்தமாக ஒரு வீடு வாங்கினார். அவர் தனக்கென்று வாங்கிய முதல் வீடு அது. சம்திங்ஸ் காட் டு கிவ் படத்துக்கு உடல்நிலை காரணமாகப் பல நாள் வர முடியாமல் போக, ஜூனில் ஃபாக்ஸ் அவரை நீக்கியது. திரும்பச் சேர்க்கும் பேச்சும் அடுத்த சில வாரங்களில் நடந்தது.

ஆகஸ்ட் 3-ம் தேதி ஏங்கல்பெர்க் மறுபடி நெம்புடால் எழுதிக் கொடுத்தார். ஒருவர் நிறுத்தப் பார்த்த மருந்தை இன்னொருவர் எழுதினார். ஆகஸ்ட் 5 அதிகாலை படுக்கையறையில் மன்றோ இறந்து கிடந்தார். ரத்தப் பரிசோதனையில் இரண்டு மருந்துமே இருந்தன. ஒன்றே ஆபத்து, இரண்டும் சேர்ந்தால் மூச்சை அடக்கும் வேலையில் ஒன்றுக்கொன்று துணை போகும். தற்கொலையாக இருக்கலாம் என்று பிரேதப் பரிசோதனை அதிகாரிகள் பதிவு செய்தார்கள். கொலை என்ற சந்தேகம் அடங்கவில்லை. 1982-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம் எல்லாவற்றையும் மறுபடி ஆராய்ந்து, கொலைக்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்றது.

மன்றோ இறந்த மறு ஆண்டு, 1963-ல், அமெரிக்காவில் வேலியம் விற்பனைக்கு வந்தது. அதற்கும் அடிமையாகலாம், மதுவோடு சேர்த்தால் உயிருக்கே ஆபத்து. ஆனாலும் தனியாகச் சாப்பிடும்போது பார்பிட்டுரேட் அளவுக்கு எளிதில் மூச்சை நிறுத்தாது. கொஞ்சம் கொஞ்சமாக டாக்டர்கள் தூக்கத்துக்கு நெம்புடால் எழுதுவதை விட்டார்கள். அந்த வகையில் பினோபார்பிட்டால் மட்டும் இன்றும் வலிப்பு நோய்க்கு மருந்தாக இருக்கிறது. நீண்ட காலத் தூக்கமின்மைக்கு மருத்துவர்கள் இன்று முதலில் பரிந்துரைப்பது மாத்திரையே இல்லை. படுக்கும் நேரத்தையும் தூக்கம் பற்றிய பயத்தையும் சீர்செய்யும் பேச்சு சிகிச்சை.