பல்லைக் காட்டி வாங்கிய வேலை... கிரிக்கெட்டையே மாற்றிய கோடுகள்! 'வேகன் வீல்' வரைந்த பில் பெர்குசன் யார்?

மதுரைக்குப் பக்கத்தில், நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் நடக்கும் டி.என்.பி.எல். மேட்ச்சாக இருக்கட்டும், சேப்பாக்கத்தில் நடக்கும் டெஸ்ட்டாக இருக்கட்டும். ஒரு பேட்ஸ்மேன் சதம் அடித்துவிட்டால் போதும், திரையில் ஒரு வட்டம் வந்துவிடும். நடுவில் பிட்ச். அங்கிருந்து நாலா பக்கமும் பாயும் கோடுகள். பார்க்க மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரியே இருக்கும். அதனால்தான் அதற்கு 'வேகன் வீல்' என்று பெயர்.

இது ஏதோ கம்ப்யூட்டர் காலத்துக் கண்டுபிடிப்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால், டிவி வருவதற்கு முன்பே பென்சிலும் பேப்பரும் வைத்து இந்தப் படத்தை வரைந்து பிரபலமாக்கியவர் ஒருவர் இருந்தார். அவர்தான் வில்லியம் ஹென்றி பெர்குசன். சுருக்கமாக பில் பெர்குசன்.

யார் இந்த பெர்குசன்?

1880ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னியில் பிறந்தவர். பெரிய கிரிக்கெட் வீரர் எல்லாம் கிடையாது. ஆனால் ஊர் உலகத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் விடவில்லை. அப்போது ஆஸ்திரேலிய அணியில் இருந்த மான்டி நோபிள், தொழிலில் பல் மருத்துவர். பெர்குசன் என்ன செய்தார் தெரியுமா? நோபிளிடம் பல்லைக் காட்டப் போனார். போன இடத்தில் பேச்சுக் கொடுத்து, அணியோடு கிளம்பும் வேலையையும் வாங்கிவிட்டார். பல்லைக் காட்டி வேலை வாங்குவது என்பார்களே, இவர் நிஜமாகவே அதைச் செய்தவர்!

1905ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்ற ஆஸ்திரேலிய அணியுடன் அவரது பயணம் தொடங்கியது. வேலை இரண்டு. ஒன்று, ஸ்கோர் எழுதுவது. இன்னொன்று, வீரர்களின் மூட்டை முடிச்சுகளைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. கப்பலிலும் ரயிலிலும் மாதக்கணக்கில் பயணம் போன காலம் அது. இரண்டிலும் ஒரே குணம்தான் தேவைப்பட்டது. எதையும் தொலைத்துவிடக் கூடாது.

பழைய ஸ்கோர் புத்தகத்தில் என்ன குறை?

அந்தக் கால ஸ்கோர் புத்தகத்தில் பேட்ஸ்மேனுக்கு ஒரு வரி, பவுலருக்கு ஒரு வரி. ஒருவர் பவுண்டரி அடித்தால் பேட்ஸ்மேன் வரியில் '4' என்று எழுதுவார்கள். அவ்வளவுதான். அந்த நான்கு ரன் யார் பந்தில் வந்தது, எந்தப் பக்கம் போனது, அதற்கு முன்பு எத்தனை பந்தைத் தடுத்தார்... எதையும் சட்டென்று எடுத்துச் சொல்ல முடியாது.

பெர்குசன் ஓவர் ஓவராக எழுதும் முறையைச் செம்மைப்படுத்தினார். ஒவ்வொரு ஓவருக்கும் ஒரு வரி. எந்தப் பவுலர் வீசினார், எந்த பேட்ஸ்மேன் ஆடினார் என்பது பந்து பந்தாக அதில் இருக்கும். அதோடு, பந்து போன திசையை வட்டத்தில் கோடாகவும் வரைந்தார். எண்ணாக இருந்தது, கண்ணுக்குத் தெரியும் படமாக மாறியது.

பிராட்மேனும் சேவாக்கும்

1930 ஜூலை 11. இங்கிலாந்தின் லீட்ஸ் மைதானம். டான் பிராட்மேன் ஒரே நாளில் 309 ரன் குவித்தார். ஒரே நாளில் ஒருவர் அடித்த அதிகபட்ச டெஸ்ட் ரன் இன்றுவரை அதுதான். மொத்தம் 334 ரன். 46 பவுண்டரி, 6 முறை மூன்று ரன், 26 முறை இரண்டு ரன், 80 சிங்கிள். சிக்ஸர் ஒன்றுகூட இல்லை. சந்தித்த பந்துகள் 448. அந்தத் தொடரில் ஆஸ்திரேலிய அணியின் ஸ்கோரர் பெர்குசன்தான்.

2008 மார்ச்சில் சேப்பாக்கத்தில் சேவாக் 278 பந்தில் முச்சதம் அடித்து 319 ரன் எடுத்தாரே, நினைவிருக்கிறதா? டெஸ்ட்டில் மிக வேகமான முச்சதம் அது. அதை பிராட்மேனின் ஆட்டத்தோடு பந்துக்குப் பந்து ஒப்பிட முடிகிறது என்றால், அன்றைக்கு யாரோ ஒருவர் உட்கார்ந்து பொறுமையாக எண்ணியிருக்கிறார் என்று அர்த்தம்.

படமே ஆயுதம் ஆனபோது...

ஆனால் கதைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1930 தொடரில் பிராட்மேனின் சராசரி 139.14. அவரை எப்படி அடக்குவது என்று இங்கிலாந்து தவித்தது. 1932-33இல் டக்ளஸ் ஜார்டின் தலைமையில் இங்கிலாந்து அணி ஆஸ்திரேலியா போனது. எந்த பேட்ஸ்மேன் எங்கே ரன் எடுக்கிறார் என்று அறிய, ஜார்டின் பெர்குசனின் வரைபடங்களை ஆராய்ந்ததாக கிரிக்கெட் வரலாற்றில் பதிவு இருக்கிறது.

பிறகு நடந்தது 'பாடிலைன்'. உடம்பைக் குறிவைத்து வேகப்பந்து. லெக் சைடில் நெருக்கமாக ஃபீல்டர்கள். இங்கிலாந்து 4-1 என்று தொடரை வென்றது. பிராட்மேனின் சராசரி 56.57 ஆக இறங்கியது. இரு நாட்டு உறவிலேயே விரிசல் விழும் அளவுக்குப் பிரச்சினை பெரிதானது. அந்தத் தொடரில் இங்கிலாந்து அணியோடு ஸ்கோரராகப் போனவரும் பெர்குசன்தான்! அதே ஜார்டின்தான் 1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் நடந்த முதல் டெஸ்ட்டுக்கும் இங்கிலாந்து கேப்டனாக வந்தார்.

கோடு யாரையும் அடிப்பதில்லை. ரன் எங்கே வருகிறது என்பதை மட்டும்தான் அது காட்டியது. அதை வைத்து ஃபீல்டரை நகர்த்துவதா, உடம்பைக் குறிவைப்பதா என்று முடிவு செய்தது மனிதர்கள்தான்.

52 வருடம், 208 டெஸ்ட்

பெர்குசன் ஒரு நாட்டு அணியோடு நின்றுவிடவில்லை. ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, வெஸ்ட் இண்டீஸ் என்று பல அணிகளுக்கு ஸ்கோர் எழுதினார். 43 சுற்றுப்பயணங்கள், 208 டெஸ்ட் போட்டிகள். கடைசியாக 1957இல் வெஸ்ட் இண்டீஸ் அணியோடு இங்கிலாந்தில் இருந்தார். அதே வருடம் செப்டம்பரில், அங்கேயே பாத் நகரில் காலமானார்.

வேகன் வீலை எப்படிப் பார்க்க வேண்டும்?

இன்று ஸ்கோரர் டேப்லெட்டில் ஒரு தட்டு தட்டினால் கோடு விழுந்துவிடும். ஆனால் படத்தின் எல்லை அப்போது இருந்ததுதான். அதில் தெரிவது ரன் வந்த இடம் மட்டுமே. தடுத்த பந்து, தவறவிட்ட பந்து எதுவும் தெரியாது. ஒரு பக்கம் காலியாக இருந்தால், அங்கே ஆடத் தெரியாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்தப் பக்கம் ஆடும்படி பவுலர் பந்தே போடாமல் இருந்திருக்கலாம். அங்கே நல்ல ஃபீல்டர்கள் நின்றிருக்கலாம்.

அடுத்த மேட்ச்சில் அந்தச் சக்கரம் திரையில் வரும்போது இதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஜார்டின் கையில் இருந்ததும் இதே மாதிரி படம்தான்.